பித்தளைத் திருகுகளுக்கு நடுவே

என் வயதுக்காரிகளே, உங்களில் பாதிப் பேர் போய்ச் சேர்ந்துவிட்டீர்கள், மீதிப் பேருக்குக் காது கேட்கவில்லை. பேசிப் பயனில்லை என்பதால்தான் எழுதுகிறேன். மூன்றாம் வகுப்போடு நின்றவள் நான். எழுத்து கோணலாக வரும். சொல்லும் விஷயம் கோணலாக இருக்காது. அவசரமாக முடிக்கவும் மாட்டேன். அவசரக்காரர்கள் வேறு வேலையைப் பார்க்கலாம்.

ஒரு ஐப்பசி, கார்த்திகையைப் பற்றிச் சொல்கிறேன். இரண்டாம் உலகச் சண்டை நடந்த காலம். மண்ணெண்ணெய்க்கு டின்னைத் தூக்கிக்கொண்டு வரிசையில் நின்றோமே, அப்போது. விழுப்புரத்தில் ரயிலடிக்குப் பின்தெருவில் எங்கள் வீடு. எனக்கு ஒன்பது வயது. அந்த இரண்டு மாதத்தில் எங்கள் வீட்டுப் பெரியவர்கள் மூன்று பேர் சேர்ந்து செய்த காரியத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்குத் தலை சூடேறுகிறது. முட்டாள்கள் செய்திருந்தால் விட்டுவிடலாம். மூன்று பேரும் கெட்டிக்காரர்கள். அதுதான் தாங்க முடியவில்லை.

அப்பா, ஊருக்குக் கரண்டு கொடுத்த கம்பெனியில் மீட்டர் மெக்கானிக். வீட்டு மீட்டர், மில் சுவரில் மாட்டும் முள் மீட்டர், எது கெட்டாலும் அவர் மேசைக்குத்தான் வரும். கம்பெனியின் ரிப்பேர் அறை தகரக் கொட்டகை. மழை பிடித்தால் ஒழுகும். அதனால் ஐப்பசி பிறந்ததும் நுணுக்கமான வேலைகளையெல்லாம் கூடையில் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுவார். அதற்குப் பிறகு எங்கள் நடு அறை எங்களுக்குச் சொந்தமில்லை.

என்னென்ன சட்டம் தெரியுமா? அந்த அறையில் தலை வாரக் கூடாது. தும்மக் கூடாது. விளக்குமாறு எடுக்கக் கூடாது. வெள்ளைத் துணி விரித்து, மீட்டரைப் பிரித்து ஒவ்வொன்றாக வைப்பார். தலைமயிரைவிட மெல்லிசாக ஒரு சுருள் இருக்கும். அதை அவர் இடுக்கியால் தூக்கும்போது நாங்கள் மூச்சு விடுவதற்குக்கூடப் பக்கத்து அறைக்குப் போக வேண்டும். குதிரை லாடம்போல ஒரு காந்தம். ஒரு நாள் அம்மா காப்பி கொடுக்கக் குனிந்தபோது கொண்டையில் தளர்ந்திருந்த ஊசி நழுவி அதில் போய் டக்கென்று ஒட்டிக்கொண்டது. அம்மா அலறினாள். அப்பா, காப்பி சிந்தியதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஊசியில் இருந்த விளக்கெண்ணெய் காந்தத்தில் பட்டுவிட்டதே என்று அரை நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார்.

என் பல்லாங்குழிப் பலகையும் போயிற்று. முதலில் கழற்றிய திருகு முதல் குழியில், அடுத்தது இரண்டாம் குழியில், இப்படிப் பதினான்கு குழியிலும் வரிசையாகப் போடுவார். மாட்டும்போது கடைசிக் குழியிலிருந்து திரும்பி வருவார். ஒன்றுகூட மாறாது. நான் புளியங்கொட்டையை மடியில் கட்டிக்கொண்டு எதிரில் உட்கார்ந்திருப்பேன், எப்போது பலகை காலியாகும் என்று. “பாப்பா, ஆட்டாதே” என்பார். நான் ஆட்டியதே இல்லை. ஒரு தடவைகூட இல்லை. ஆனால் ஒவ்வொரு தடவையும் சொன்னார்.

கம்பெனியில் இருந்த சாமான்களிலேயே மரியாதைப்பட்டது ஒரு பெட்டி. சுற்றுப்பெட்டி என்று எங்கள் வீட்டில் அதற்குப் பெயர். பக்கத்தில் ஒரு கைப்பிடி; அதைச் சுற்றினால் பெட்டிக்குள்ளேயே கரண்டு பிறக்கும். ஒரு கட்டடத்தில் புதிதாக ஒயர் இழுத்து முடித்தால், கம்பத்திலிருந்து இணைப்புக் கொடுக்கும் முன்பு இந்தப் பெட்டியை மாட்டிச் சுற்றிப் பார்ப்பார்கள். ஒயரின் மேலுறை எங்கேயாவது கிழிந்திருந்தாலோ ஈரம் ஏறியிருந்தாலோ கரண்டு வழிந்து சுவரில் இறங்கும். தொட்டவன் போய்விடுவான். அந்த வழிவு இருக்கிறதா என்று சொல்வதுதான் பெட்டியின் வேலை.

பெட்டியின் மேல்பலகை கறுப்பு. அதில் ஒரு கண்ணாடி, கண்ணாடிக்குள் முள். கண்ணாடிக்குக் கீழே இரண்டு பித்தளைத் திருகுகள், இரண்டு விரல் இடைவெளியில். ஒயரை அந்தத் திருகுகளில் மாட்டிச் சுற்ற வேண்டும். வழிவு இல்லையென்றால் முள் இடது கோடிக்குப் போய்விடும். அங்கே எட்டு என்ற எண்ணைப் படுக்க வைத்ததுபோல ஒரு குறி போட்டிருக்கும். வழிவு இருந்தால் வலது பக்கம், பூஜ்யத்தை நோக்கி ஓடும். எனக்கு இங்கிலீஷ் தெரியாது. ஆனால் முள் படுத்த எட்டுமேல் போய்ப் படுத்தால் அப்பா முகம் மலரும் என்று தெரியும்.

அந்த வருஷம் ஆயுத பூஜைக்குப் பெட்டி எங்கள் வீட்டில் இருந்தது. அம்மா எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்துக்கொண்டே வந்தாள். அரிவாள்மனை, அம்மிக்கல், அப்பாவின் இடுக்கி, சைக்கிள். பெட்டிக்கு வந்ததும் நின்றாள். இரண்டு பித்தளைத் திருகும் அவளுக்குக் கண்ணாகத் தெரிந்தன. கண் இருந்தால் நடுவில் பொட்டு வேண்டாமா? நான் அரைத்துக் கொடுத்த சந்தனத்தை ஒரு கண்ணிலிருந்து மறு கண்வரைக்கும் பட்டையாக இழுத்து, நடுவில் குங்குமம் அப்பினாள்.

“பாருடி, அம்மன் மொகம் மாதிரியே கீது” என்றாள்.

அம்மாவின் குங்குமம் கடைக் குங்குமம் இல்லை. மஞ்சளில் எலுமிச்சைச் சாறும் படிகாரமும் சுண்ணாம்பும் சேர்த்து அவளே செய்வது. மழைக்காலத்தில் அது காயவே காயாது. நசநசவென்று இருக்கும்.

இப்போது என் தாய்மாமனைச் சொல்ல வேண்டும். அம்மாவின் ஒரே தம்பி. அப்பாவை அவர் ‘மாமா’ என்றுதான் கூப்பிடுவார். திண்டிவனத்தில் ஒயர்மேன் வேலை பழகி, அந்த வருஷம்தான் சொந்தமாகச் செய்யக் கம்பெனியில் லைசென்ஸ் அட்டை வாங்கியிருந்தார். அட்டையின் பின்புறம் மூன்று கட்டம். அவர் ஒயர் இழுத்த இடம் ஒரு தடவை சோதனையில் தோற்றால் ஒரு கட்டத்தில் சிவப்பு மை. மூன்றும் சிவந்தால் அட்டையைப் பிடுங்கிக்கொள்வார்கள். பிறகு அந்த ஜில்லாவில் எவனும் அவர் கையால் ஒரு பல்புகூட மாட்டவிட மாட்டான்.

அட்டை கைக்கு வந்ததும் கிடைத்த முதல் வேலை, திண்டிவனத்திலேயே ஒரு மல்லாட்டை எண்ணெய் மில்; வேர்க்கடலையை எங்கள் பக்கம் மல்லாட்டை என்போம். சண்டையினால் நல்ல ஒயர் கிடைக்காத நேரம். அலைந்து திரிந்து வாங்கி, தேக்குச் சட்டத்துக்குள் வைத்து இழுத்திருந்தார். பின்னால் நான் பார்த்தேன், நூல் பிடித்ததுபோல இருந்தது. ஆயுத பூஜை முடிந்த மூன்றாம் நாள் கம்பெனி இன்ஸ்பெக்டர் அதைச் சோதிக்கப் போனார். போகிற வழியில் எங்கள் வீட்டு வாசலில் ஜட்கா வண்டியை நிறுத்திப் பெட்டியை வாங்கிக்கொண்டார்.

“பெட்டி சரியா இருக்குதாய்யா?” என்று கேட்டார்.

“நான் பார்த்து வெச்சது, சார்” என்றார் அப்பா. பார்த்து வைத்தது உண்மைதான். பூஜைக்கு முந்தின நாள் பார்த்து வைத்தது.

பெட்டியை எதிலும் மாட்டாமல் காலியாக ஒரு முறை சுற்றிப் பார்த்து, முள் எட்டுமேல் படுக்கிறதா என்று உறுதி செய்துகொண்டுதான் ஒயரில் மாட்ட வேண்டும். அதுதான் முறை. இன்ஸ்பெக்டர் அதைச் செய்யவில்லை. மத்தியான ரயிலைப் பிடிக்கும் அவசரம் ஒரு பக்கம். அப்பா பார்த்தது என்ற நம்பிக்கை மறுபக்கம். நேராக மாட்டினார், சுற்றினார், முள் ஓடியது. முதல் கட்டம் சிவந்தது.

வெளியே போய் வந்த பெட்டியைப் பிரித்துத் துடைக்காமல் அப்பா வைக்க மாட்டார். அன்று சாயங்காலமே பிரித்தார். பதினான்கு குழியும் நிறைந்தது. உள்ளே எல்லாம் துடைத்து, மாட்டி, கடைசியில் ஸ்பிரிட் நனைத்த பஞ்சால் மேல்பலகையைத் துடைத்தார். பஞ்சு சிவப்பாக வந்தது. அதை ஜன்னல் வழியாக எறிந்தார். காலியாகச் சுற்றினார். முள் சமர்த்தாக எட்டுமேல் போய்ப் படுத்தது.

மறுநாள் காலை ரயிலில் தாய்மாமன் வந்து இறங்கினார். நனைந்து, சேறாக, கண்ணெல்லாம் சிவந்து.

“மாமா, உங்க பெட்டி பொய் சொல்லுது.”

“பெட்டி பொய் சொல்லாது, மாப்ள. ஆளுதான் சொல்லுவான்.”

“நான் பொய் சொல்றேனா? என் ஒயர்ல ஒரு கீறல் காட்டுங்க. காட்டிட்டு என் கையை ஒடிங்க.”

அப்பா எழுந்து வந்து, தாய்மாமன் தோளில் கிடந்த ஈரத் துண்டை உருவினார். அதன் இரண்டு முனையையும் இரண்டு திருகிலும் மாட்டிக் கைப்பிடியைச் சுற்றினார். முள் பூஜ்யத்துக்கு ஓடியது. பிறகு கொடியில் காய்ந்த துண்டை எடுத்து மாட்டிச் சுற்றினார். முள் எட்டிலேயே நின்றது.

“உன் துண்டு ஈரம்னு இதுக்குத் தெரியுது. உன் ஒயர் ஈரம்னு தெரியாதா?”

தாய்மாமன் துண்டைப் பிடுங்கித் தோளில் போட்டுக்கொண்டார். அம்மா கொடுத்த கூழைக்கூடக் குடிக்காமல் போனார். திண்டிவனம் போய், சட்டத்தையெல்லாம் பெயர்த்து, ஒயர் முழுவதையும் உருவி, அடுப்புச் சூட்டில் காட்டி, சாணுக்குச் சாண் தடவிப் பார்த்து, மறுபடி இழுத்தார். ஒரு குற்றமும் இல்லாத ஒயரை! மில் சுவரெல்லாம் ஆணி பிடுங்கிய ஓட்டை. முதலாளி திட்டித் தீர்த்தாராம்.

அம்மா சும்மா இருந்தாளா? அமாவாசைக்கு மேல்மலையனூர் போனாள். குங்குமச் சிமிழை அம்மன் காலடியில் வைத்து வாங்கி வந்தாள். இரண்டாம் தடவை இன்ஸ்பெக்டர் வருகிற அன்று, அப்பா கிணற்றடிக்குப் போன நேரம் பார்த்து, “சந்தனம் இன்னும் கொஞ்சம் அரைச்சுக் குடுடி, மாமனுக்கு நல்லது நடக்கட்டும்” என்றாள். நானும் அரைத்தேன். கெட்டியாக அரைத்தேன். போன தடவை ஒரு பட்டை. இந்தத் தடவை மூன்று பட்டை. அதன்மேல் எட்டணாக் காசளவு குங்குமம்.

அப்பா குளித்துவிட்டு வந்து பெட்டியைப் பார்த்தார், எடுத்து இன்ஸ்பெக்டரிடம் கொடுத்தார். பொட்டு அவர் கண்ணில் படவில்லை என்று நான் சொல்ல மாட்டேன். பட்டிருக்கும். ஆனால் எங்கள் வீட்டில் அரிசிப் பானையிலிருந்து கதவு நிலைவரை பொட்டில்லாத சாமானே கிடையாது. பொட்டு இல்லாமல் இருந்தால்தான் என்ன என்று பார்க்கத் தோன்றும். இன்ஸ்பெக்டரும் நெற்றியில் பட்டை போட்டவர்தான். அவருக்கும் ஒன்றும் தோன்றவில்லை, அன்றைக்கும் காலியாகச் சுற்றிப் பார்க்கவில்லை.

அன்று மாலை பெட்டியைத் திருப்பிக் கொடுக்கும்போது சொன்னார்: “உன் மச்சான் இன்னாய்யா பண்ணிக்கினு இருக்கான்? போன தடவைக்கு இந்தத் தடவை இன்னும் மோசம். ரெண்டாவது கட்டமும் போட்டுட்டேன். இன்னும் ஒண்ணு, அவ்வளவுதான்.”

இன்னும் மோசமாம். மோசமாகாமல் என்ன செய்யும்? மூன்று பட்டை ஆயிற்றே.

அன்று வீட்டில் நடந்த சண்டையைத் தெருவே நின்று கேட்டது. அப்பா வழக்கம்போல் வெள்ளைத் துணி விரித்துப் பெட்டியைப் பிரித்துக்கொண்டிருந்தார். அம்மா வாசற்படியில் நின்றுகொண்டு, அறைக்குள் வராமல் — அந்தச் சட்டத்தை மட்டும் சண்டையிலும் மீறவில்லை — பேசினாள்.

“என் தம்பி தலையெடுக்கிறது உங்களுக்குப் புடிக்கல. அதான் ஒளிஞ்சி உக்காந்துகினு பெட்டிய நோண்டி வுடுறீங்க.”

“நான் எதுக்கு நோண்டணும்?”

“நீங்க கூலிக்கு வேலை செய்யறீங்க. அவன் சொந்தமா செய்யறான். அதான்.”

அப்பா இடுக்கியைக் கீழே வைத்தார். சுருளைப் பிடித்துக்கொண்டிருக்கும்போது நடுவில் அவர் இடுக்கியைக் கீழே வைத்து அதுவரை நான் பார்த்ததில்லை.

“மூணாவது தடவைக்கு நானே போறேன். என் பெட்டிய நானே மாட்டுறேன். இன்ஸ்பெக்டர் நின்னு பாக்கட்டும். அப்புறம் சொல்லு.”

“நானும் வர்றேன். எந்தம்பி மானம் போறத எங்கண்ணால பாக்கறேன்.”

உள்ளே துடைத்து, மேலே துடைத்து, பஞ்சு சிவந்து, முள் எட்டுமேல் படுத்தது. எல்லாம் மறுபடியும். நான் பார்த்துக்கொண்டேதான் இருந்தேன். எனக்கும் அப்போது ஒன்றும் தோன்றவில்லை என்பதையும் எழுதிவிடுகிறேன். மற்றவர்களை மட்டும் திட்டினால் நியாயமில்லை.

திண்டிவனத்துக்குப் போன அன்று அப்பா பெட்டியை முந்தின நாளே கித்தான் பையில் போட்டு வாரை இறுக்கிவிட்டார். விடிகாலையில் அவர் பல் விளக்கப் போனபோது அம்மா வாரைத் தளர்த்தி, பைக்குள் கையை விட்டு, தடவிப் பார்த்தே பொட்டை வைத்துவிட்டாள். வாரை முன்பிருந்த துளையிலேயே மாட்டினாள். சந்தனம் அரைத்தது யார் என்று கேட்க வேண்டாம்.

பல்லாங்குழிப் பலகையை நான் இடுப்பில் வைத்துக்கொண்டேன். வழியில் ஏதாவது பிரிக்க வேண்டி வந்தால் வேண்டுமாம். நான் போனதே அதைத் தூக்கத்தான்.

மில்லில் பிண்ணாக்கு வாசம். மழைச் சாரல் அடித்து, உடைத்துப் போட்ட மல்லாட்டைத் தொல்லியெல்லாம் காலில் ஒட்டிக்கொண்டது. தாய்மாமன் சுவரோரம் நின்றார். சவரம் செய்யாத முகம். சட்டைப் பையில் அட்டை துருத்திக்கொண்டிருந்தது. அதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். முதலாளி நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். இன்ஸ்பெக்டர் கடிகாரத்தைப் பார்த்தார்.

“ஜல்தியா ஆவட்டும். பதினொண்ணே முக்காலுக்கு வண்டி.”

அப்பா அவசரப்படவில்லை. பெட்டியை வெளியே எடுத்தார். பொட்டு பையில் தேய்ந்து இரண்டு திருகுக்கும் நடுவே ஈஷியிருந்தது. முறைப்படி, காலியாக ஒரு சுற்று.

முள் நடுவில் வந்து நின்றது.

மறுபடி சுற்றினார். மறுபடி நடுவில். எதிலும் மாட்டாத பெட்டி, வழிவு இருக்கிறது என்று சொல்லிற்று. அப்பாவின் காது மடல் கறுத்ததை நான் பார்த்தேன்.

“பாத்தீங்களா முதலாளி!” என்று தாய்மாமன் கத்தினார். “வெறும் பெட்டியே ஓடுது! ரெண்டு தபா என் பொழப்புல மண்ணைப் போட்ட பெட்டி இதான்! அக்கா, பாத்துக்கோ!”

“கண்ணு அவிஞ்சா போச்சு, பாத்துக்கினுதான் இருக்கேன்” என்றாள் அம்மா. பார்த்தது அப்பாவை.

“இரு மாப்ள” என்றார் அப்பா. அங்கேயே, மில் தரையில், மேல்துண்டை விரித்தார். பிரித்தார். முதல் குழி, இரண்டாம் குழி, மூன்றாம் குழி. மில் ஆட்கள் சுற்றி நின்றார்கள். தூசி விழாமல் நான் பாவாடையை விரித்துப் பிடித்துக்கொண்டேன். காந்தம், சுருள், உள்ளே சுழலும் தண்டு. எல்லாவற்றையும் லென்ஸ் வைத்துப் பார்த்தார். ஒரு குற்றமும் இல்லை. எப்படி இருக்கும்? மாட்டினார். சுற்றினார். முள் நடுவில்.

“இன்னாய்யா இது பேஜாரு?” என்றார் இன்ஸ்பெக்டர். “சோதனை நடந்ததா எழுதவா, நடக்கலைன்னு எழுதவா? நடக்கலைன்னா, இந்த மில்லுக்குக் கம்பெனி குடுத்த கெடு இன்னையோட முடியுது. மூணாவது கட்டம் தன்னால விழும்.”

தாய்மாமன் அட்டையைப் பையோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார்.

அப்போதுதான் எனக்குப் பொறி தட்டியது. நான் அப்பாவின் காதில் சொன்னேன். சத்தமாகச் சொல்லவில்லை, பெரியவர்கள் நடுவில் பேசினால் அம்மா குட்டுவாள்.

“அப்பா, வூட்ல கடைசியா மேலேயும் துடைப்பியே, செவப்பா வருமே. இங்க துடைக்கல. பொட்டு ஈரமா கீதுப்பா. மாமா துண்டு மாதிரி.”

அப்பா என்னைப் பார்க்கவில்லை. பெட்டியைப் பார்த்தார். பிறகு கைப்பிடியைப் பார்க்கிறவர்போலக் குனிந்து, வேட்டி நுனியால் இரண்டு திருகுக்கும் நடுவே அழுத்தித் துடைத்தார். இரண்டு முறை. துடைத்த நுனியை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார். அதற்குப் பிறகு செய்தது எதற்கு என்று புரியாமல் நான் முழித்தேன்: ஒரு திருகைக் கழற்றி, உள்ளே இடுக்கியை விட்டு எதையோ தொடுவதுபோலச் செய்து, மறுபடி மாட்டினார்.

“சுருள்ல ஒரு சிக்கு. எடுத்துட்டேன்” என்றார்.

சுற்றினார். முள் எட்டுமேல் போய்ப் படுத்தது. ஒயரில் மாட்டிச் சுற்றினார். அப்போதும் எட்டு. மில்லின் மறுகோடி, மோட்டார் இருக்கும் இடம், ஆபீஸ் அறை, எங்கே மாட்டினாலும் எட்டு. தாய்மாமனின் ஒயர் அவ்வளவு சுத்தம்.

இன்ஸ்பெக்டர் பேனாவை எடுத்தார். “சரி. இந்தத் தடவை பாஸ். பழைய ரெண்டு கட்டம் அப்படியே இருக்கும்.”

இரண்டு கட்டம் சிவந்த அட்டையை நம்பி எந்த மில்காரன் வேலை கொடுப்பான்? தாய்மாமன் வாயைத் திறப்பதற்குள் அப்பா சொன்னார்: “ரெண்டும் அடிக்கணும் சார். அந்த ரெண்டு தடவையும் இதே தப்புதான். ஒயர் மேல தப்பில்ல. பெட்டிதான்.”

“யோசிச்சுப் பேசுறியா? பெட்டின்னா யாரு? நீதானே பாத்து வெச்சே?”

“நான்தான்.”

“வேற எதனா காரணம் இருக்குதா? வண்டி குலுங்கிச்சு, தண்ணி பட்டுச்சு, வேற யாராவது தொட்டாங்க... அந்த மாதிரி?”

பாருங்கள், அந்த மனிதர் வழியே போட்டுக் கொடுத்தார். ஒரு வார்த்தை போதும். சொல்லியிருந்தால் சிரித்துவிட்டுப் போயிருப்பார்கள். நான் அப்பாவின் வேட்டியைப் பிடித்து இழுத்தேன். அவர் என் கையை எடுத்து, விரலை ஒரு அழுத்து அழுத்தினார். வலித்தது. அம்மா இரண்டடி தள்ளி நின்றுகொண்டு தாய்மாமனின் தலையைத் துவட்டிக்கொண்டிருந்தாள்.

“யாரும் தொடல சார். என் வேலைதான்” என்றார் அப்பா.

இன்ஸ்பெக்டர் அட்டையை வாங்கி இரண்டு சிவப்புக்கும் குறுக்கே கறுப்பு மையால் கோடு போட்டுக் கையெழுத்து வைத்தார். தாய்மாமன் அழுதுவிட்டார். அவ்வளவு பெரிய மனிதன் பிண்ணாக்கு மூட்டைமேல் உட்கார்ந்து அழுதார். பிறகு எழுந்து, அப்பா பக்கம் திரும்பாமலே முதலாளியிடம் பேசப் போய்விட்டார்.

திரும்பும் ரயிலில் அம்மா திண்டிவனத்தில் ஆரம்பித்தவள் விழுப்புரத்தில்தான் நிறுத்தினாள். “பெரிய மெக்கானிக்கு! தும்மாதே, தலை வாராதேன்னு எங்கள எல்லாம் ஆட்டி வெச்சிட்டு, கடைசில சிக்கு எங்க இருந்துச்சாம்? இவரு கை வெச்ச சுருள்லயே இருந்துச்சாம்! நல்லவேளை, இன்னிக்கும் நான் வெச்ச பொட்டுதான் காப்பாத்திச்சு.” அப்பா ஜன்னல் வழியாக வயலைப் பார்த்துக்கொண்டு வந்தார். எனக்கு வாய் அரித்தது. வாயைத் திறந்தபோதெல்லாம் அவர் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வைக்கு அப்பீல் கிடையாது. மூடிக்கொண்டேன்.

அடுத்த மாதம் கம்பெனியில் அப்பாவை ரிப்பேர் மேசையிலிருந்து எடுத்துவிட்டார்கள். வீடு வீடாகப் போய் மீட்டரில் ஓடிய எண்ணைப் பார்த்து எழுதுகிற வேலை. வெயிலிலும் மழையிலும் சைக்கிளில், வளவனூர் வரைக்கும். மீட்டருக்குள் என்ன இருக்கிறதென்று தெரிந்த மனிதன், வெளியே நின்று எண்ணை எழுதினார். இடுக்கியும் லென்ஸும் ஒரு பிஸ்கட் டப்பாவில் பரணுக்குப் போயின. நடு அறை எங்களுக்குத் திரும்பி வந்தது. தலை வாரினோம், தும்மினோம். அதில் ஒரு சந்தோஷமும் இல்லை.

தாய்மாமன் நன்றாக வந்தார். திண்டிவனத்தில் அவர் ஒயர் இழுக்காத மில் இல்லை என்று ஆயிற்று. எங்கள் வீட்டுக்கு வந்தால் அக்காவோடு பேசிவிட்டுப் போவார். அப்பாவிடம் “வர்றேன் மாமா” என்பதோடு சரி. நன்றி கெட்டவர் என்று சொல்ல முடியுமா? அவருக்குத்தான் எதுவும் தெரியாதே.

அம்மாவோ, வீட்டில் எது கெட்டாலும் அப்பாவின் கணக்கில் எழுதுவாள். கதவு கீல் கிறீச்சிட்டால், “இதுவும் உங்க கை பட்டதா?” என்பாள். கல்யாண வீட்டில், எழவு வீட்டில், யார் வாய் கொடுத்தாலும் திண்டிவனம் மில் கதை வரும். அப்பா அங்கேயே உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருப்பார். நான் பெரியவளாகி, கல்யாணமாகி, பிள்ளை பெற்று வந்தும் கதை நிற்கவில்லை. ஒரு நாள் தனியாக இருக்கும்போது கேட்டேன்: “ஏம்பா, நான் சொல்லிடட்டா?”

“இன்னாத்த?” என்றார். எழுந்து போய்விட்டார். இவரோடு எப்படிப் பேசுவது!

அப்பா போனார். அதற்குப் பிறகும் அம்மா பல வருஷம் இருந்தாள், என் வீட்டில்தான். ஒரு மழை நாளில் கரண்டு நின்றுவிட்டது. ஆரம்பித்துவிட்டாள்: “உங்க அப்பன் தொட்ட மீட்டரா இருக்கும், பாரு.” செத்த மனுஷனைக்கூட விடமாட்டாளா என்று எனக்கு ஆத்திரம் வந்துவிட்டது. கையில் இருந்த முறத்தைக் கீழே போட்டேன்.

“போதும்மா. பெட்டியில ஒரு சிக்கும் இல்ல. நீ வெச்ச பொட்டு ஈரம். அதுல கரண்டு வழிஞ்சுது. மூணு தடவையும் அதான்.”

“இன்னாடி ஒளர்றே?”

எல்லாவற்றையும் சொன்னேன். பஞ்சு சிவந்தது, வேட்டி நுனி, என் விரலை அழுத்தியது, எல்லாம்.

அம்மா ஒத்துக்கொள்வாளா? “பொட்டு வெச்சா பெட்டி கெட்டுப்பூடுமா? அப்போ ஊர்ல கீற லாரியெல்லாம் நின்னுப் போயிருக்கணுமே. அம்மன் காலடியில வெச்ச குங்குமம்டி அது! செத்தும் பழிய எம்மேல போட்டுட்டுப் போயிருக்காரா அந்த ஆளு?”

“அவரு போடலம்மா. நான் சொல்றேன். சொல்லாதேன்னுதானே என் கைய அழுத்தினாரு.”

“ஏன் அழுத்தணும்? உண்மைன்னா அந்த இன்ஸ்பெக்டர் கேட்டப்பவே சொல்றதுக்கு இன்னா கேடு?”

“நீ பக்கத்துல நின்னுக்கினு இருந்தே. மாமனுக்குத் தலை துவட்டிக்கினு.”

அம்மா குனிந்தாள். முறத்திலிருந்து சிதறிய கேப்பையை ஒவ்வொன்றாகப் பொறுக்கிப் போட்டுக்கொண்டிருந்தாள். பாதிகூடப் பொறுக்கியிருக்க மாட்டாள். கையை உதறிவிட்டு நிமிர்ந்தாள்.

“நான் நின்னா இன்னா? மூஞ்சிக்கு நேரா சொல்லித் தொலைய வேண்டியதுதானே! ரெண்டு நாள் அழுதிருப்பேன், அப்புறம் அடுப்பப் பத்த வெச்சிருப்பேன். அதுக்குப் போய், வெயில்ல சைக்கிள மிதிச்சிக்கினு, நான் பேசுனதெல்லாம் வாங்கிக் கட்டிக்கினு... ஒரு தடவை, ஒரே ஒரு தடவை வாயத் தொறந்திருந்தா இன்னா? பைத்தியம்! பைத்தியம் புடிச்ச மனுசன்!”

“அதைத்தான் நானும் சொல்றேன்” என்றேன்.

“கல்லு மாதிரி உக்காந்துகினு வெத்தல போட்டாரே!”

“எனக்கும் வாயைத் தொறக்க விடலையே!”

பொழுது சாய்கிறவரை பேசினோம். கரண்டு வந்தது, எழுந்து போய் விளக்கைப் போட யாருக்கும் தோன்றவில்லை. அத்தனை வருஷத்தில் அன்று ஒரு நாள்தான் அம்மாவும் நானும் ஒரே பக்கத்தில் நின்று அந்த மனிதரைத் திட்டினோம்.